கேப்டன் சொன்னதில் பாதி

தெற்கு அட்லாண்டிக் கடல்
1982 ஜூன் 6

அன்புத் தங்கை சுக்-வானுக்கு,

மோக் அண்ணன் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது குழந்தை பிறந்திருக்கலாம். நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதி வைத்துவிட்டு, அடுத்த வரி வராமல் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

கப்பல் அலுவலகத்து ஆள் வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பார். உன் கணவர் பாக்-லாம் பணியின்போது கடலில் காணாமற்போனார் என்று தந்தியில் இருந்திருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ என்னென்ன நினைத்துப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மே 26. காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு இங்கிலாந்துப் போர்க்கப்பலுக்கு எங்கள் கப்பலிலிருந்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வேலை எப்படி என்று பாக்-லாம் உனக்குச் சொல்லியிருப்பான். இரண்டு கப்பலும் பக்கத்துப் பக்கமாக, நாற்பது கஜ இடைவெளியில், ஒரே வேகத்தில் போகும். நடுவில் கம்பியில் குழாய் தொங்கும். அன்றைக்குக் கடல் மோசம். இரண்டு கப்பலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர் போக இடமில்லாமல் எழும்பி எழும்பித் தளத்தில் விழுந்துகொண்டிருந்தது. எதிரி விமானம் வருகிறது என்று சங்கு ஊதினார்கள். குழாயைக் கழற்றிவிட்டு அந்தக் கப்பல் விலகியது. எங்கள் பக்கத்து வால்வு சரியாக மூடவில்லை. எண்ணெய் தளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பாக்-லாம் திரும்பிப் போய் அதை மூடினான். மூடிவிட்டு நிமிர்ந்தபோது அலை வந்தது. அலை வடிந்தபோது அவன் இல்லை.

கேப்டன் கப்பலைத் திருப்பினார். விமானம் வருகிற நேரத்தில் திருப்பக் கூடாது. ஆனாலும் திருப்பினார். போர்க்கப்பலின் ஹெலிகாப்டரும் நாற்பது நிமிடம் தேடியது. அந்தத் தண்ணீரின் குளிருக்கு அவன் சீக்கிரமே நினைவு இழந்திருப்பான், அதிகம் வேதனைப்பட்டிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கே வரும் வழியில் அசென்ஷன் தீவில் கேப்டன் எங்கள் எல்லாரையும் கூட்டி, விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்றார். நாங்கள் சிப்பாய்கள் இல்லை. எங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பாக்-லாம் இறங்கவில்லை. ‘என்னோட இருக்கிறவங்களை விட்டுட்டு நான் மட்டும் போக மாட்டேன்’ என்று சொன்னான். அவனாகவே எடுத்த முடிவு. பிள்ளை வளர்ந்து அப்பாவைப் பற்றிக் கேட்டால் இதைச் சொல்.

அவன் பெட்டியை நானே கட்டி வைத்திருக்கிறேன். ரேடியோ, கம்பளிச் சட்டை இரண்டு, ஜிப்ரால்டரில் வாங்கிய குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி. ஊருக்கு வந்ததும் கொண்டுவந்து தருகிறேன்.

சரியாகச் சாப்பிடு. அழுதுகொண்டே பட்டினி கிடக்காதே. வயிற்றில் இருப்பது அவனுடையது.

உன் அண்ணன்,
மோக் யூ-டோங்

*

ஷாம் ஷுய் போ, ஹாங்காங்
2002 ஏப்ரல் 28

அன்புள்ள சுக்-வான்,

உன் கடிதம் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி, புழுக்கம், தபால் ஆபீஸ் தூரம் என்று நாலைந்து காரணம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் கிழித்துப் போட்டேன்.

லிவர்பூலில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் உன் தம்பி இன்னும் உன்னையே எண்ணெய்ச் சட்டி முன்னால் நிறுத்துகிறானா? கை எரிச்சலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தேன், நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இங்கே எங்கள் கட்டிடத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வீடு முழுக்க அந்த நாற்றம்தான். யிம் ஞாயிற்றுக்கிழமை தோறும் டீக்கடைக்கு வருகிறான். மாஜோங் ஆட்டத்தில் இன்னும் ஏமாற்றுகிறான். யிம்மை உனக்கு நினைவிருக்கும், எங்கள் கப்பல் சமையல்கட்டில் இருந்தவன். அவனைப் பற்றிக் கீழே எழுத வேண்டியிருக்கிறது.

லோக்-யீக்கு இருபது வயது ஆகப் போகிறது என்பதை நம்ப முடியவில்லை. அந்தச் சண்டையில் இறந்தவர்களுக்காகத் துறைமுகத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் அவளைப் பேச அழைத்திருக்கிறார்கள், என்னுடைய பழைய கடிதத்தை அவளே ஆங்கிலத்தில் மாற்றி அங்கே வாசிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். கூட இருக்கிறவர்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அப்பா சொன்ன அந்த வார்த்தை சரியாக அப்படித்தானா, ஒரு எழுத்துகூடத் தப்பாகிவிடக் கூடாது, மோக் பெரியப்பாவிடம் கேட்டு எழுதம்மா என்று அவள் சொன்னாளாம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் ஆமாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருப்பேன். அதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இடமில்லாத இடத்தில் சின்னதாக ஒன்று எழுதியிருந்தாய். பன்னிரண்டு வயதில் லோக்-யீ என்னிடம் வந்து, இறங்கி வர விட்டும் அப்பா ஏன் வரவில்லை, நான் பிறப்பதைவிட அந்தக் கப்பல் பெரிசா என்று கேட்டாள், நான் உங்கள் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்டினேன் என்று.

ஒரு மாதமாக அந்த வரியோடுதான் இருக்கிறேன்.

சுக்-வான், அந்த வார்த்தை பாக்-லாம் சொன்னது இல்லை. நான் எழுதியது.

நடந்தது இது. அசென்ஷனில் நங்கூரம் போட்டு இரண்டாம் நாள். பொட்டல் தீவு, எங்கே பார்த்தாலும் சிவப்புத் தூசி. சாப்பாட்டு அறையில் எங்கள் அறுபத்தொரு பேரையும் உட்கார வைத்தார்கள். அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், நாங்கள் ஹாங்காங் ஆட்கள். பலருக்கு வேலைக்குத் தேவையான ஆங்கிலத்துக்கு மேல் தெரியாது. நான்தான் நம்பர் ஒன், எங்கள் ஆட்களுக்கெல்லாம் தலைவன். பாதிப் பேர் என் கையால் வேலைக்கு எடுத்தவர்கள். அதனால் கேப்டன் வில்மட் பேசப் பேச நான் நம் பாஷையில் சொல்ல வேண்டும்.

கேப்டன் மூன்று விஷயம் சொன்னார். நீங்கள் சிப்பாய்கள் இல்லை, சண்டை நடக்கிற தெற்கே வர விருப்பமில்லாதவர் இங்கேயே இறங்கலாம். இறங்குகிறவரை விமானத்தில் ஊருக்கு அனுப்புவோம். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இறங்குகிறவருடைய பெயர் கெடாது, அடுத்த கப்பலில் அதே வேலை காத்திருக்கும், அதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து இறங்குகிறவரை நான் ஒருநாளும் குறைவாக நினைக்க மாட்டேன்.

முதல் இரண்டை நான் அப்படியே சொன்னேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “இறங்குறவங்க இறங்கிக்கலாம். ஆனா அப்புறம் ஊர்ல வந்து என் கதவைத் தட்டி வேலை கேட்காதீங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது” என்றேன்.

ஏன் என்று கேட்பாய். முந்தின நாள் முதல் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு பேருக்கு மேல் இறங்கினால் கப்பல் புறப்பட முடியாது, இங்கிலாந்திலிருந்துதான் ஆள் கொண்டுவர வேண்டியிருக்கும், ஒருமுறை அப்படி வந்துவிட்டால் பிறகு ஹாங்காங் ஆட்களை யார் கேட்பார்கள் என்றார். அவர் மிரட்டவில்லை, கவலைப்பட்டுத்தான் சொன்னார். அதே நாள் சாயங்காலம் பரிமாறும் அறையில் இரண்டு வெள்ளைக்காரப் பணியாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம். “நாளைக்குப் பாரு, சீனாக்காரனுங்க ஏணி ஒடியிற மாதிரி எறங்கி ஓடுவானுங்க” என்றான் ஒருவன். மற்றவன் சிரித்தான். என் ஆட்களில் ஒருவன்கூட அந்த ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே ஒரு வெறி வந்துவிட்டது. நம் ஆட்களின் பிழைப்புக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தச் சிரிப்புதான் பெரிய காரணம்.

நான் சொல்லி முடித்ததும், இறங்குகிறவர்கள் கை தூக்கலாம் என்றார் கேப்டன். முதலில் எழும்பிய கை பாக்-லாமுடையது.

அவனைப் பார்த்து யிம் தூக்கினான். பிறகு சலவைக்காரர் ஒருவர். கேப்டன் தலையாட்டி மூன்று பேரையும் குறித்துக்கொண்டார், நாளைக் காலை வரை யோசிக்கலாம் என்றார். அதற்குள் நான் பாக்-லாமைப் பின்தளத்தில் பிடித்தேன். சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். உனக்கு முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போனது, இந்தத் தடவை பக்கத்தில் இருப்பதாக உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், எல்லாவற்றையும் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“அண்ணே, கேப்டன் இன்னும் நீளமாப் பேசின மாதிரி இருந்துச்சே. நீங்க சுருக்கமா முடிச்சிட்டீங்க.”

“இங்கிலீஷ்காரன் ஒரு விஷயத்தைச் சொல்ல நாலு சுத்து சுத்துவான். உனக்குத் தெரியாதா?” என்றேன்.

அவன் சிரித்தான். என்னை நம்பித்தான் சிரித்தான்.

பிறக்கப்போகிற பிள்ளைக்கு வேலையில்லாத அப்பன் எதற்கு என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் சண்டை முடிந்துவிடும், நீயே போய்த் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்றேன். நான் அவனை வேலைக்கு எடுத்த நாளை நினைவுபடுத்தினேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. மறுநாள் காலை அவன் முதல் அதிகாரியிடம் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொன்னான்.

யிம்மிடமும் பேசிப் பார்த்தேன். அவன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். “கதவைத் தட்டலைண்ணே, நீங்களே பூட்டி வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். கேப்டன் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய் ஆகஸ்டு மாதம் வேறொரு கப்பலில் அதே சமையல்கட்டு வேலையில் சேர்ந்துவிட்டான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது பேரன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் எதிரே உட்கார்ந்து மாஜோங் கட்டையை அடுக்கும்போதெல்லாம், அந்த நாற்காலியில் பாக்-லாம் இருந்திருந்தால் இப்போது ஐம்பது வயது என்று கணக்குப் போடுவேன்.

இதோடு முடியவில்லை. பாக்-லாமுக்குத் தெரிந்துவிட்டது.

மே 18. ஏணி ஒடியும் என்று சொன்னவனேதான் அவனிடம் சொல்லியிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் இல்லை. டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, பிள்ளை பிறக்கப் போகிறதே, வேலையும் போகாதென்று கேப்டன் சொன்னாரே, நீ ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறான். பாக்-லாமுக்கு அரைகுறையாகப் புரிந்தது. கையைக் காட்டி, மறுபடி கேட்டு, முழுக்கப் புரிந்துகொண்டு என்னைத் தேடி வந்தான். நான் கயிற்று அறையில் இருந்தேன்.

“கேப்டன் வேலை இருக்கும்னு சொன்னாரா?”

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. சொன்னார் என்றேன்.

அவன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தான். கப்பல் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

“மத்தவங்ககிட்ட சொல்ல மாட்டேன். நடுக்கடல்ல இத சொல்லி என்ன ஆகப் போகுது. ஆனா ஊருக்குப் போனதும் என் வீட்டுக்கு வாங்க. சுக்-வான் முன்னாடி உக்காந்து நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்குன்னு நெனப்பா. அவளை விட்டுட்டு நானாவே போனேன்னு அவ நெனைக்கக் கூடாது.”

சரி, சொல்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. நம்பர் ஒன் என்றுதான் கூப்பிட்டான். குழாய் மாட்டியாச்சு நம்பர் ஒன். சாப்பாடு ஆச்சு நம்பர் ஒன். மரியாதையாகத்தான். எட்டாவது நாள் காலையில் என்ன ஆயிற்று என்று ஏற்கனவே எழுதியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. வால்வை மூடச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவனாகவே எடுத்த முடிவு என்று அந்தக் கடிதத்தில் எழுதினேனே, அந்த மொத்தப் பயணத்திலும் அது ஒன்றுதான் அவனாகவே எடுத்தது.

பிறகு கேப்டன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அவன் மனைவிக்கு உங்கள் பாஷையில் நீ எழுது என்றார். அவர் முகம் சாம்பலாக இருந்தது. “நான் எல்லாரையும் கேட்டேன், மோக். அவங்களுக்குப் புரிஞ்சுதில்ல?” என்றார். புரிந்தது சார் என்றேன். அவருக்கு அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அடுத்த நாள் வேலை செய்ய முடியும் என்று அவரைப் பார்த்தாலே தெரிந்தது. அவரிடம் அப்படிச் சொன்ன பிறகு உனக்கு வேறு மாதிரி எழுத வழியில்லாமல் போனது. வருஷா வருஷம் அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். பாக்-லாமின் பெயரை எழுதி, நல்லவேளை அவனுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்தோம் என்று ஒரு வரி இருக்கும். மூன்று வருஷம் முன்னால் இறந்துபோனார். அவரிடம் சொல்ல எனக்குப் பதினேழு வருஷம் இருந்தது.

உன்னிடம் சொல்லவும் வந்தேன். அந்த வருஷம் செப்டம்பரில் உன் யாவ் மா டேய் வீட்டுக்கு அவன் பெட்டியோடு வந்தது நினைவிருக்கிறதா? மாடிப்படி ஏறும்போது முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் ஏறினேன். நீ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டீ ஊற்றினாய். “உங்க கடுதாசியை தினம் படிக்கிறேண்ணே. அது ஒண்ணுதான் காலையில என்னை எழுப்பி உட்கார வைக்குது” என்றாய். டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். நீ சொன்ன அந்த வார்த்தை என் வாயை அடைத்துவிட்டது.

உன்னிடம் எனக்காக எதுவும் கேட்க வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள எங்கே இடம்? லோக்-யீக்காக ஒன்று கேட்கிறேன். அந்தக் கடிதத்தை அவள் ஊர் முன்னால் வாசிக்க விடாதே. அவளை உட்கார வைத்துச் சொல். அவள் அப்பா அவளைவிடக் கப்பல் பெரிசு என்று நினைக்கவில்லை. அறுபத்தொரு பேரில் முதலில் கை தூக்கியது அவர்தான். அவளைப் பார்ப்பதற்காகத் தூக்கிய கையைக் கீழே இறக்க வைத்தது நான். பன்னிரண்டு வயதில் அவள் கேட்டதற்கு இதுதான் பதில். எட்டு வருஷம் தாமதமாக வருகிறது.

அவள் நன்றாகப் படித்து, நல்ல இடத்தில் வாழ்ந்து, அவளிடம் நேராகப் பேசுகிற மனிதர்கள் நடுவில் இருக்க வேண்டும். உன் கை எரிச்சலுக்கு டாக்டரைப் பார்.

மோக் யூ-டோங்

*

லிவர்பூல்
2002 ஜூன் 30

மோக் அண்ணன் அவர்களுக்கு,

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் வழக்கம்போலவே ஆரம்பித்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில், மத்தியானக் கூட்டம் வருவதற்கு முன்னால், நின்றுகொண்டே படித்தேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு யார் செத்துப்போனது என்று கேட்டான். புதிதாக யாரும் இல்லை என்றேன். அன்றைக்கு உருளைக்கிழங்கு இரண்டு தடவை கருகியது.

ஒன்பது நாள் லோக்-யீயிடம் சொல்லவில்லை. நீங்கள் இதை இருபது வருஷம் எப்படி மனதில் வைத்திருந்தீர்கள் என்று அந்த ஒன்பது நாளில் கொஞ்சம் புரிந்தது. அது பிடிக்கவில்லை. பத்தாம் நாள் கடிதத்தை அவள் முன்னால் வைத்து, அவளுக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் நான் படித்துச் சொன்னேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் வந்து, முதல் கை அப்பாவுடையதா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கூட்டத்தில் உங்கள் பழைய கடிதத்தை அவள் வாசிக்கவில்லை. எங்கே பார்த்தாலும் பதக்கம் குத்தியவர்கள், மழைத் தூறல், குடைகள். இவளுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அவர்கள் பாஷையில்தான் பேசினாள், எனக்கே புரிகிற மாதிரி சின்னச் சின்னதாக. என் அப்பா சிப்பாய் இல்லை, சண்டைக் கப்பல்களுக்கு எண்ணெய் கொடுத்தவர். வீட்டுக்குப் போகலாம் என்றபோது முதலில் கை தூக்கினார். நான் பிறப்பதைப் பார்க்க ஆசைப்பட்டார். அவரைப் போகவிடவில்லை. பிறகு ஒரு வால்வு திறந்திருந்தது, அதை மூடினார். அவ்வளவுதான் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாதே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளாகவே விட்டுவிட்டாள்.

முடிந்ததும் கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். அன்றைக்குக் குழாயின் அந்த முனையில், போர்க்கப்பல் தளத்தில் நின்றவராம். லோக்-யீயின் கையைப் பிடித்தார். அப்படியே வெகுநேரம் நின்றார்கள். குடையை நான்தான் இரண்டு பேருக்கும் பிடித்தேன்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். செத்தவர்களின் கல்லறையைக் கூட்டிப் படையல் வைக்கும் நாள் வரும்போதெல்லாம், அவருக்குக் கல்லறை இல்லாததால், கடைக்குப் பின்னால் ஒரு தகரத்தில் அவருக்குப் படையலாகக் காகிதம் எரிப்பேன். எரித்துக்கொண்டே திட்டுவேன். கூட இருந்தவர்களை விட முடியவில்லை, என்னை விட முடிந்ததா என்று கேட்பேன். ஒவ்வொரு வருஷமும். ஊருக்கெல்லாம் என் புருஷன் தைரியசாலி என்று சொல்லிவிட்டு, தனியாக நின்று அவரைத் திட்டினேன். இருபது வருஷம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன். அதைத் திருப்பி வாங்க எனக்கு வழி இல்லை.

செப்டம்பரில் நான் சொன்ன வார்த்தை உங்கள் வாயை அடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை என் தலையில் வைக்காதீர்கள். எனக்கு அப்போது இருபத்திநாலு வயது. எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன். உண்மையைக் கொடுத்திருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன்.

மன்னிப்பு பற்றி எழுத என்னிடம் இன்றைக்கு எதுவும் இல்லை. நாளைக்கு இருக்குமா என்றும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அதில் அவர் வீட்டில் இருந்தது ஏழு மாதம். நீங்கள் அவரோடு ஆறு வருஷம் ஒரே கப்பலில் இருந்தீர்கள். லோக்-யீ இப்போது தினமும் ஏதாவது கேட்கிறாள். அப்பா காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? எதற்குச் சிரிப்பார்? பாடுவாரா? அன்றைக்குத் தூக்கியது இடது கையா, வலது கையா? எனக்குத் தெரியவில்லை அண்ணே. எதுவும் தெரியவில்லை.

எழுதுங்கள். வருத்தப்பட்டு எழுத வேண்டாம், அவரைப் பற்றி எழுதுங்கள். நல்லது மட்டும் என்று பொறுக்காதீர்கள். அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

முழங்காலுக்கு இத்தோடு தைலம் அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டில் பார்த்து இறங்குங்கள். எழுதி முடிக்கிற வரைக்குமாவது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

சுக்-வான்